அறையில் இருந்தவர்கள்: இருவர்

ஆய்விதழின் இரண்டாவது மதிப்பீட்டாளர் கேட்டிருந்த ஒன்பது கேள்விகளில் எட்டுக்கு நிறைமதி பதில் எழுதி முடித்திருந்தாள். ஒன்பதாவது மிகச் சிறிய கேள்வி. சோதனையின்போது அறையில் யார் யார் இருந்தார்கள்? சுத்தம் செய்யாத மூல ஒலிப்பதிவுகளையும் இணைத்து அனுப்பவும்.

புதன்கிழமை காலை பத்தரை மணி. திருத்திய கட்டுரை வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் இதழின் தளத்தில் ஏறியாக வேண்டும். தவறினால் புதிய கட்டுரையாகக் கருதி வரிசையின் கடைசிக்கு அனுப்பிவிடுவார்கள். மூன்று வருட உழைப்பு அந்த வரிசையில் போய் நிற்கும்.

அவள் அமர்வுப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினாள். நாற்பத்தொரு அமர்வுகள். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் 'அறையில் இருந்தவர்கள்' என்று ஒரு கட்டம். எல்லாவற்றிலும் அவள் கையெழுத்தில் ஒரே சொல்: இருவர். நோயாளி, ஆய்வாளர். பதில் எழுத அரை நிமிடம் போதும் என்று நினைத்தாள். மூலப் பதிவு ஒன்றைச் சரிபார்த்துவிடலாம் என்று இருபத்தேழாவது அமர்வைத் திறந்தாள்.

நோயாளியின் பெயர் வைரவன். காரைக்குடிக்காரர், அறுபத்து மூன்று வயது. இருபத்தெட்டு வருடங்கள் பட்டிமன்ற மேடைகளில் பேசியவர். பக்கவாதம் வந்து வலது கையையும் பேச்சையும் எழுத்தறிவையும் ஒரே இரவில் கொண்டுபோனது. பிறர் பேசுவது புரியும். பதில் சொல்ல வராது. மதுரை ஆய்வகத்தில் அவருடைய மண்டையோட்டுக்கு அடியில், மூளையின் இடப்பக்கத்தில், தபால்தலை அளவில் ஒரு மின்முனைத் தகட்டைப் பொருத்தியிருந்தார்கள். அது எடுத்துத் தரும் சமிக்ஞைகளைச் சொற்களாக்கும் நிரலுக்கு 'நாவி' என்று பெயர். பழைய மேடைப் பதிவுகள் ஏராளமாக இருந்ததால் நாவி அவருடைய குரலிலேயே பேசியது.

பதிவில் நிறைமதியின் குரல் கேட்டது. "ஐயா, காலையில என்ன சாப்பிட்டீங்க?"

குளிர்சாதன இரைச்சல். நான்கு விநாடி. பிறகு இரைச்சலுக்கு அடியில், உதட்டைத் தாண்டாத குரலில், யாரோ முணுமுணுத்தார்கள். "இடியாப்பம்... தேங்காப்பாலு..."

அடுத்த நொடி வைரவனின் மேடைக்குரல் கணீரென்று ஒலித்தது. "இடியாப்பம், தேங்காய்ப்பால்."

அவள் பின்னால் ஓட்டி மறுபடி கேட்டாள். இத்தனை நாளும் அவள் காதொலிப்பானில் கேட்டது சுத்தம் செய்த ஒலி. மெல்லிய ஓசைகளையெல்லாம் இரைச்சல் என்று நீக்கிவிடும் நிரல் அந்த முணுமுணுப்பையும் நீக்கியிருந்தது. மூலத்தில் அது தெளிவாக இருந்தது. அந்தக் குரல் யாருடையது என்று யோசிக்கவே தேவையில்லை. வைரவனின் மனைவி உமையாள் ஆச்சி ஏறக்குறைய எல்லா அமர்வுகளிலும் அவருக்கு இடப்பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் வெந்நீர்க் குடுவையோடு உட்கார்ந்திருப்பார். நிறைமதிக்குத் தினமும் பூ கொண்டுவந்து கொடுப்பார். அவரை அந்தக் கட்டத்தில் எழுத வேண்டும் என்று ஒருநாளும் அவளுக்குத் தோன்றியதில்லை. மருத்துவமனைகளில் யாருக்கும் தோன்றுவதில்லை. கூட இருப்பவர் கூட இருப்பவர்தான்.

மதியம் இரண்டு மணிக்குள் எல்லாப் பதிவுகளிலும் கேள்விக்கும் பதிலுக்கும் இடைப்பட்ட துண்டுகளை மட்டும் கேட்டுவிட்டாள். பிறகு பேராசிரியர் தெய்வசிகாமணியின் அறைக்குப் போனாள்.

"சாப்பிட்டியாம்மா?" என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒன்பதாவதுக்கு என்ன எழுதின?"

"இன்னும் எழுதல சார். முப்பத்தெட்டு அமர்வுல ஆச்சி முதல்ல சொல்றாங்க. நாவி அப்புறம் சொல்லுது."

அவர் நிமிர்ந்தார். அவள் மூன்று துண்டுகளைப் போட்டுக் காட்டினாள். அவர் கேட்டு முடித்துக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"பக்கத்துல ஒருத்தர் முணுமுணுத்தா மூளைக்குள்ள வந்துடுமா? நாம படிக்கிறது பேச்சு இடத்த."

"தகடு ரெண்டு இடத்துல படிஞ்சிருக்கு சார். மேல் பாதி, நாக்கு உதட்ட அசைக்கிற இடம். கீழ் பாதி, காதுல விழுந்தத வாங்கிக்கிற இடம். அவரால படிக்க முடியாதுன்னு பயிற்சி வாக்கியத்த எல்லாம் நாம சொல்லிக் கேக்கவச்சுத்தானே திருப்பிச் சொல்லச் சொன்னோம்? நாவிக்கு எது சுலபமோ அதப் பிடிச்சுக்கிச்சு. அவர் சொல்ல நினைச்சத விட்டுட்டு, கேட்டதப் படிச்சிருக்கு."

"நீ கேள்வி கேக்கிறதும்தான் அவர் காதுல விழுது. அத ஏன் திருப்பிச் சொல்லல?"

"கேள்வி முடிஞ்ச பிறகுதான் நாவி பதிவெடுக்க ஆரம்பிக்கும். நாமதான் அப்படி வச்சோம். அந்த இடைவெளியிலதான் ஆச்சி பேசியிருக்காங்க."

"முப்பத்தெட்டுன்ன. மிச்சம் மூணு?"

"அந்த மூணு நாள் ஆச்சி ஊர்ல இல்ல, ஏதோ கல்யாணம். மூணுலயும் நாவி வாயத் திறக்கல. 'நோயாளிக்குச் சோர்வு'ன்னு எழுதி முடிவுகள்லேருந்து எடுத்துட்டோம்."

"எடுக்கச் சொன்னது நான்" என்றார் தெய்வசிகாமணி.

வெளியே யாரோ அச்சுப்பொறியைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சரி, இப்படிப் பாரு. அவங்க எடுத்துக் கொடுக்கிறாங்க, அவர் ஒத்துக்கிட்டு மனசுக்குள்ள சொல்றார். அப்படியும் இருக்கலாம்ல? 'துணையாளர் முன்னிலையில்'னு செய்முறையில ஒரு வரி சேர்ப்போம். அது பொய் இல்லையே."

"சம்மதம் யார் கொடுத்தது சார்?"

முப்பதாவது அமர்வில்தான் வைரவனிடம் வெளியீட்டுக்குச் சம்மதம் கேட்டிருந்தார்கள். 'சம்மதம். என் பெயரைப் போட்டே வெளியிடலாம்' என்று மேடையே அதிர நாவி சொன்னது. அன்று ஆய்வகத்தில் கைதட்டினார்கள்.

"அதுலயும் ஆச்சி குரல் இருக்கு" என்றாள் நிறைமதி. "அவர் பேசுறார்னு சொல்ற கட்டுரைக்கு அவர் சம்மதமே கிடையாது."

"இந்தத் தகட்டுக்காகப் பதினோரு பேர் காத்திருக்காங்க நிறை. கும்பகோணத்துல ஒருத்தருக்கு இருபத்தாறு வயசு. அவங்க அம்மா வாராவாரம் போன் பண்றாங்க. இந்தக் கட்டுரை வந்தாத்தான் அவங்களுக்கு அனுமதி."

"அவங்க மண்டையையும் திறந்து இதத்தான் வைக்கப்போறோமா சார்?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கோபமாகத்தான் இருந்தார், யார்மீது என்று அவருக்கே நிச்சயமில்லாத கோபம். "நாளைக்குக் காலையில ஆச்சி இல்லாம ஒரு அமர்வு. ஒண்ணும் வரலைன்னா கட்டுரைய நானே திரும்ப வாங்கிடறேன். அவங்ககிட்ட நீ பேசு. எனக்குத் தைரியம் கிடையாது."

உமையாள் ஆச்சி சிற்றுண்டிச் சாலையில் வைரவனுக்காகக் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தார். ஒரு டம்ளரிலிருந்து இன்னொன்றுக்கு உயரத்தூக்கி ஊற்றினாலும் ஒரு சொட்டு சிந்தவில்லை.

"வா ஆத்தா. மொகம் ஏன் இப்படி வாடிக் கெடக்கு? அந்த வெள்ளக்காரன் திரும்பவும் கேள்வி அனுப்பிட்டானா?"

"ஆச்சி, ஐயா மேடையில பேசும்போது நீங்க எங்க உக்காருவீங்க?"

"முத வரிசைல. நடுவுல." ஆச்சி சிரித்தார். "அவுக தடுமாறினா என் ஒதட்டப் பாப்பாக. நான் முத வார்த்தைய எடுத்துக் கொடுத்தாப் போதும், பிடிச்சுக்கிருவாக. பேச்சு பூரா நான் எழுதுறதுதானே. அவுகளுக்குக் கொரல் உண்டு, எழுத வராது. எனக்கு எழுத வரும், நாலு பேர் முன்னாடி நின்னா நாக்கு ஒட்டிக்கிரும். ஊருக்குத் தெரியாது. சொல்லிக்கிற வழக்கமில்ல."

நிறைமதி சுற்றி வளைக்காமல் சொன்னாள். ஆச்சி முதலில் நம்பவில்லை.

"நான் பேசுனனா? நானா? சிவனேன்னு உக்காந்திருக்கேன், கேட்டியா."

அவள் கைப்பேசியில் இடியாப்பப் பதிவைப் போட்டாள். ஆச்சி தலையைச் சாய்த்துக் கேட்டார். கஞ்சி டம்ளர் அவர் கையில் அப்படியே நின்றது. தன் குரலைத் தானே கேட்பவர்களுக்கு வரும் கூச்சம் முதலில் முகத்தில் தெரிந்தது. பிறகு அது போய்விட்டது.

"நான் கல்யாணத்துக்குப் போன மூணு நாளும்?"

"ஒண்ணும் பேசல ஆச்சி."

"நீங்க எங்கிட்டச் சொல்லவே இல்லியே."

"சோர்வுன்னு நினைச்சோம்."

ஆச்சி டம்ளரை மேசையில் வைத்தார். கேட்கத் தயங்குவது தெரிந்தது. நிறைமதி அந்தக் கேள்வி வராமல் இருக்க வேண்டுமே என்று இருந்தாள்.

"கமிட்டிக்காரவுக எல்லாரும் வந்திருந்தாகளே, ஒரு நாளு." ஆச்சியின் குரல் இறங்கியிருந்தது. "அன்னைக்குமா?"

முப்பத்து மூன்றாவது அமர்வு. 'உங்க மனைவிக்கு ஏதாவது சொல்லணுமா?' என்று நெறிமுறைக் கமிட்டியில் ஒருவர் சோதனை அறையின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே இருந்து ஒலிபெருக்கி வழியாகக் கேட்டார். நாவி சொன்னது: 'உமையா, நான் பேசினதெல்லாம் நீ எழுதினதுதான்.' ஆச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கட்டுரையின் முதல் பத்தியிலேயே அந்த வாக்கியம் இருக்கிறது.

நிறைமதி ஆமென்று தலையசைத்தாள்.

"இருவத்தெட்டு வருஷம்" என்றார் ஆச்சி, ஜன்னலைப் பார்த்து. "ஒரு தடவ சொல்ல மாட்டாகளான்னு இருந்தேன். கடைசில நானே சொல்லி, நானே கேட்டு, நானே அழுதிருக்கேன்." பிறகு அவர் திரும்பினார். "நாளைக்கு நான் வெளிய இருக்கேன், அவுக பேசலைன்னா மிசின எடுத்துருவீகளா?"

"எடுக்க வேண்டியிருக்கும் ஆச்சி. தகட்ட அப்படியே உள்ள விட்டு வைக்க முடியாது."

"அப்பொ ரெண்டு பேருக்கும் பேச்சு போயிரும்" என்றார் ஆச்சி. கஞ்சியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "ஆறிப்போச்சு பாரு."

வியாழன் காலை ஒன்பது மணிக்கு உமையாள் கீழே வாகன நிறுத்தத்தில் ஆட்டோவுக்குள் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து மூன்றாவது மாடிக்கு எந்த முணுமுணுப்பும் வராது. அறையில் குளிர்சாதனத்தை அணைத்திருந்தார்கள். பேராசிரியர் சுவரோரம் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றார்.

வைரவன் சக்கர நாற்காலியில் இருந்தார். காலியான பிளாஸ்டிக் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நிறைமதி அவருக்கு எதிரே உட்கார்ந்து நடந்ததை முழுக்கச் சொன்னாள். ஆச்சி தன்னை அறியாமல் சொன்னது, தகடு காதைப் படித்தது, தாங்கள் மூன்று நாட்களை விலக்கியது, நாளைக்குள் அனுப்ப வேண்டிய கட்டுரை. அவர் கண் அவள் முகத்தை விட்டு அகலவில்லை. கேட்பவருடைய கண்.

"நாவியில கீழ் பாதிய அணைச்சிருக்கேன் ஐயா. இனிமே காது வழியா வர்றது எதுவும் அதுக்குத் தெரியாது. நீங்களே சொல்ல முயற்சி பண்ணணும். உங்க பேர் என்ன?"

ஒன்றும் வரவில்லை. ஐந்து நிமிடம் காத்திருந்தாள்.

"உங்க ஊரு?"

வரவில்லை. பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டாள். இன்று என்ன கிழமை என்று கேட்டாள். திரையில் கோடுகள் ஓடின, எதுவும் சொல்லாகவில்லை. முப்பது நிமிடமாயிற்று. பேராசிரியர் ஜன்னலுக்குப் போய்க் கீழே நின்ற ஆட்டோவைப் பார்த்தார். வைரவனின் நெற்றியில் வியர்வை பூத்திருந்தது. நிறைமதி அதைத் துடைத்துவிட்டாள். நிறுத்திவிடலாமா என்று அவள் பேராசிரியரைப் பார்த்தாள். அவர் ஒரு விரலைக் காட்டினார். ஒன்றே ஒன்று.

"ஐயா, உங்களப் பத்தின இந்தக் கட்டுரைய நாங்க வெளியிடலாமா?"

பத்து விநாடி. இருபது. வைரவனின் இடப்பக்க உதடு அசைந்தது. நாற்பத்தொரு அமர்வுகளின் ஒளிப்பதிவிலும் அந்த உதடு ஒரு தடவைகூட அசைந்ததில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. தொண்டையிலிருந்து ஒரு கரகரப்பு எழுந்தது. அதோடு சேர்ந்து நாவி பேசியது. மேடைக்குரல்தான்; ஆனால் படியில் இடறுகிறவனைப் போல.

"வேண்... டாம்."

இன்று காலையிலிருந்து அந்த அறையில் ஒருவரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.

"ஏன் ஐயா?" என்றாள் அவள்.

இதற்கு மூன்று நிமிடம் பிடித்தது. "பொய்."

"கடைசியா ஒண்ணு. ஆச்சிய உள்ள கூப்பிடலாமா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். உதடு கோணி, திரும்ப நேராகி, மறுபடி கோணியது. "வர... ட்டும்."

பேராசிரியர் அவளைத் தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "வேலை செய்யுது நிறை! அம்பது நிமிஷத்துல மூணு வார்த்தை, ஆனா அவர் வார்த்தை! பழச எல்லாம் தூக்கிப் போடு. இந்த ஒரு அமர்வு போதும். கெடுவ நீட்டச் சொல்லி இதழுக்கு எழுதறேன். மேல் பாதி மட்டும், அறையில துணையாள் இல்ல, ஒளிப்பதிவுல உதடு அசையுது. இதவிட ஆதாரம் வேணுமா?"

"அவர் வேண்டாம்னு சொன்னார் சார்."

"அதத்தான் நானும் சொல்றேன், அது அவரே சொன்ன..."

வாக்கியம் பாதியில் நின்றது. அந்தச் சொல் அவருடையது என்றால் அதை வெளியிடக் கூடாது. அவருடையது இல்லை என்றால் வெளியிட எதுவும் இல்லை. பேராசிரியர் சுவரில் சாய்ந்தார்.

"அவர்கிட்ட திரும்ப ஒரு தடவ கேட்டா?"

"கேக்கலாம் சார். ஆறு மாசம் கழிச்சு. அவரா நாலு வார்த்தை பேசுறப்ப."

"கும்பகோணத்துக்கு யார் சொல்றது?"

அவரே கைப்பேசியை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனார்.

நிறைமதி கீழே ஆள் அனுப்ப, உமையாள் ஆச்சி மூச்சு வாங்க மாடியேறி வந்தார். "என்ன சொன்னாக?"

"வேண்டாம்னாங்க ஆச்சி. கட்டுரை வேண்டாமாம். ஏன்னு கேட்டேன். பொய்யின்னாங்க."

ஆச்சி கதவருகிலேயே நின்றுவிட்டார். "எது பொய்யின்னாக?"

"அதுக்கு மேல கேக்கல. உங்கள உள்ள வரச் சொன்னாங்க."

"என் பேச்ச மறுத்து ஒரு வார்த்த சொன்னதில்ல, எங்க வீட்டு மேடைப்புலி" என்றார் ஆச்சி. சிரிப்பா அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியாத முகம். அவர் உள்ளே போய் நாற்காலியைக் கணவருக்கு நேர் எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "என்னங்க, எது பொய்யி? கட்டுரையா, நான் எழுதுனேங்கிறதா? நீங்களா சொல்லுங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன்." முந்தானையைச் சுருட்டிப் பற்களுக்கு இடையில் கடித்துக்கொண்டார்.

நிறைமதி பதிவேட்டில் அன்றைய பக்கத்தை எடுத்தாள். 'மூவர்' என்று ஏற்கெனவே எழுதியிருந்ததை அடித்துவிட்டு 'நால்வர்' என்று எழுதி, நான்கு பெயர்களையும் போட்டாள். பிறகு பதிவுக் கருவிகளை நிறுத்திவிட்டு, நாவியை மட்டும் ஓடவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

வெள்ளி மாலை நாலரை மணிக்கு இதழின் தளத்தில் 'திரும்பப் பெறுதல்' என்ற பொத்தானை அழுத்தினாள். காரணம் கேட்டது. கொடுத்திருந்த பட்டியலில் எதுவும் பொருந்தவில்லை. 'பிற' என்பதைத் தேர்ந்தெடுத்து அடித்தாள்: பேச்சின் தோற்றுவாயைத் தவறாகக் கணித்துவிட்டோம்; முந்தைய சம்மதம் செல்லாது; மீண்டும் கேட்டபோது நோயாளி மறுத்துவிட்டார்.

ஐந்து மணிக்கு முன்பே பதிப்பாசிரியரிடமிருந்து ஒரு வரி வந்தது. உங்கள் நேர்மைக்கு நன்றி. ஒரு சந்தேகம் மட்டும். கருவி பேசியது நோயாளியின் பேச்சு இல்லை என்கிறீர்கள். அவருக்குப் பேசவும் வராது, எழுதவும் வராது. அப்படியென்றால் மறுப்பை அவர் எப்படித் தெரிவித்தார்?

நிறைமதி அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் நேற்றைப் போலவே இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஆச்சியின் முந்தானை பற்களுக்கு இடையில் இருந்தது. வைரவனின் இடப்பக்க உதடு எதற்கோ முயன்றுகொண்டிருந்தது. அங்கே என்ன வந்தது, என்ன வரவில்லை என்பது எந்தப் பதிவிலும் இல்லை.

அவள் விசைப்பலகைக்குத் திரும்பினாள். "அவரே சொன்னார்" என்று மட்டும் அடித்து அனுப்பினாள்.